டீசல் பாண்டித்துரை

"டீசல் கூடிப்போச்சு சேச்சி, நான் எந்தா செய்ய?" என்றபடி பாண்டித்துரை தக்காளியைப் பைக்குள் கவிழ்க்கிறார். மட்டாஞ்சேரித் தெருக்களில் அவர் காய்கறி விற்பது தள்ளுவண்டியில், தள்ளுவதும் அவரேதான். ஆனாலும் எந்தக் காய்க்கு விலை ஏறினாலும் காரணம் டீசல். மழை, விளைச்சல் என்று மற்றவர்கள் சொல்வதையெல்லாம் அவர் மதிப்பதில்லை.

தென்காசிப் பக்கத்து ஆள். பேச்சில் பாதி மலையாளமாகிவிட்டது. வரி என்று தொடங்கினால் மட்டும் ஊர்த்தமிழ் திரும்பிவிடும்; கையும் மேலே போகும்.

"பெட்ரோலுக்குப் போடுத வரிய டீசலுக்கும் அப்பிடியே போட்டுர முடியாது, பாத்துக்கிடுங்க. பெட்ரோல் ஏறுனா பைக்கு வச்சிருக்கவந்தான் வைவான். டீசல் ஏறுனா லாரி வாடகை ஏறும், பஸ்ஸு ஏறும், மீன்பிடிப் படகு கரையில நிக்கும். ஊரே வையும். அதான் இதுல கை வைக்க கவர்மெண்டுக்குக் கொஞ்சம் நடுக்கம்."

"அப்போ வரியே வேண்டாம்னு வச்சா எந்தா?" என்றாள் காய் வாங்க வந்த ஒருத்தி.

"பொறவு ரோடு யாரு போடுவா?" என்றவர், சக்கரம் குழியில் இறங்கியதும் பேச்சை மாற்றிவிட்டார்.

ஒருநாள் டீசல் வரி குறைந்தே விட்டது. மறுநாள் காலை கமலாக்ஷி பையோடு வாசலில் காத்திருந்தார். பாண்டித்துரை குடியிருக்கும் வீட்டுக்குச் சொந்தக்காரி அவர். பின்னால் தெருப் பெண்கள்.

"டீசல் குறஞ்ஞல்லோ. இனி நீயும் குறைக்கணும்."

"இது முந்தாநாள் கிளம்புன லாரிச் சரக்கு சேச்சி. பழைய டீசல்."

"கறிவேப்பிலையுமா?"

"அதுவும் லாரியிலதான்..." வாய் முந்திக்கொண்டது.

"அது என்ட கிணத்தடி மரத்து எலையாக்கும்! காலம்பற நீ பறிக்கிறத ஜன்னல்ல நின்னு கண்டேன். கிணத்தடியிலேந்து வாசல் வரைக்கும் எத்தர லிட்டர் டீசல் ஆச்சு?"

பெண்கள் சிரித்தது கூடப் பெரிதில்லை. "வாங்க, முக்குல ஷாஜியோட காய்க்கடைக்குப் போலாம்" என்று ஒருத்தி பையை மடித்தாள். கமலாக்ஷி நகர்ந்தால் தெருவே நகர்ந்துவிடும்.

"நில்லுங்க, நில்லுங்க! வெங்காயம் கிலோவுக்கு ரெண்டு ரூவா கொறவு. கறிவேப்பிலை இந்தத் தெருவுக்கு எப்பவும் சும்மா."

மடித்த பைகள் விரிந்தன. பாண்டித்துரை ஒரு பெரிய கொத்தை எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி கமலாக்ஷியின் பைமேல் வைத்தார். கமலாக்ஷி சில்லறைக்காகப் பர்ஸுக்குள் குனிந்தார். பாண்டித்துரையின் விரல்கள் பைப்பக்கம் போய், இரண்டு இணுக்கை மட்டும் உருவி வண்டியில் போட்டுக்கொண்டன.