மணப்பாட்டுக்குப் போகாத சைக்கிள்கள்

நாசரேத்தில் பூகோள வாத்தியாராக இருந்த கிருபாநிதிக்கு நெடுநாளாக ஓர் ஆசை. வருடத்தின் மிக நீண்ட பகல் ஜூனில் வரும். அன்று சூரியன் வடக்கே தள்ளிக் கடலிலிருந்து எழுவதை, மணப்பாட்டுக் குன்றில் நின்று பார்க்க வேண்டும். 1976இல் தன்னுடன் வேலை பார்த்த ஐந்து ஆசிரியர்களைச் சம்மதிக்க வைத்து, முந்தின ராத்திரியே சைக்கிளில் கிளம்பிவிட்டார்.

அது எமர்ஜென்சி காலம். பாதி வழியில் போலீஸ் ஜீப் மறித்தது.

“ஏலே, இருட்டுல கூட்டமா எங்க போறிய?” என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

“சூரியன் உதிக்கதப் பாக்கப் போறோம், ஐயா.”

“ஏன், உங்க ஊர்ல உதிக்காதோ?”

ஆறு பேரையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்ச் சுவரோரம் உட்கார வைத்தார்கள். எந்தக் கட்சி, என்ன ரகசியக் கூட்டம் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கூட வந்த ஜேசுபாதம் சார், தன்னை விட்டுவிடும்படி கெஞ்சினார். அதைப் பார்த்துக் கிருபாநிதி எழுந்தார்.

“நாந்தான் கூப்பிட்டேன். இவங்கள விட்டுருங்கய்யா.”

விடியும் முன்பே மற்றவர்களை விட்டுவிட்டார்கள்.

“இன்னும் நேரம் இருக்கு. நீங்களாவது போய்ப் பாருங்க” என்று கிருபாநிதி ஜன்னல் வழியே சொன்னார். ஐந்து சைக்கிளும் ஊர்ப் பக்கம் திரும்பின.

அவரைச் சாயங்காலம்தான் அனுப்பினார்கள். மறுநாள் ஆசிரியர் அறையில் அவர் பக்கத்து நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. வராந்தாவில் ஜேசுபாதம் மட்டும் மெதுவாக, “பிள்ளகுட்டிக்காரன் சார் நான், தப்பா நெனைக்காதிய” என்றார்.

“ஒண்ணும் நெனைக்கல” என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போன கிருபாநிதி, அதன்பின் யாரையும் எங்கும் கூப்பிடவில்லை.