எப்போதும், சில நேரம், கிடையவே கிடையாது

அடுத்தவர் மனசை அளந்து பிழைப்பதும் ஒரு தொழில்தான். கேள்வித்தாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊர் ஊராய் அலைந்து, நாயிடம் கடியும் வீட்டுக்காரரிடம் வசவும் வாங்கிய சர்வேக்காரர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும். எண்பதுகளின் கடைசியில், ராஜபாளையத்தில் பி.ஏ. முடித்துவிட்டு வீட்டோடு இருந்த எனக்கு அப்படியொரு வேலை கிடைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடியில் இருக்கும் பளியர் பழங்குடிகளிடம் போய், உங்களுக்கு ஆள் ஆதரவு இருப்பதாக நினைக்கிறீர்களா என்று கேட்டு எழுத வேண்டும். கேள்விகளை மெட்ராஸ் பேராசிரியர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து தருவித்துத் தமிழாக்கியிருந்தார். எந்தக் கேள்விக்கும் பதில் மூன்றுதான்: எப்போதும், சில நேரம், கிடையவே கிடையாது.

கயிறு

முதல் ஆள் மாசானம், மலைத்தேன் எடுப்பவர். "ஆபத்து நேரத்துல கைகொடுக்க ஆள் உண்டா?" என்றேன். உண்டு என்றார். பாறையில் தொங்கித் தேனடை அறுக்கும்போது மேலே கயிற்றைப் பிடித்திருப்பது அவர் மச்சினனாம். நான் அத்தோடு விட்டிருக்கலாம். பின்னால் நின்ற பேராசிரியர் தொண்டையைக் கனைத்தார். "எப்போதும் பிடிப்பாரா, சில நேரம் பிடிப்பாரா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"சில நேரம் பிடிச்சிருந்தா, நான் இங்க உக்காந்து பேசிக்கிட்டிருப்பேனா தாயி?"

வழிகாட்டி

காட்டுத்தேனை ஏலம் எடுத்த காண்ட்ராக்டர்தான் எங்களுக்கு வழி காட்டினார். காட்டியவர் போகவில்லை, குடிசை வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். "கஷ்டம்னா யாரை நம்பிப் போவீங்க?" என்று கேட்டால், அத்தனை பேரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "மொதலாளியத்தான், எப்போதும்" என்றார்கள். பேராசிரியருக்கு ஏகக் குஷி. அவர்களில் செல்லாயி என்ற பெண் மட்டும் வாயே திறக்கவில்லை. "பயப்படாமச் சொல்லுக்கா" என்று கெஞ்சினேன்.

"அவிய செத்த நேரம் அங்குட்டுப் போவட்டும். பொறவு சொல்லுதேன்."

சாம்பிள்

மறுநாள் போனபோது செல்லாயியின் மகள் பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். ரத்தம் நிற்கவில்லை. நாங்கள் வந்த ஜீப்பில் ஏற்றலாம் என்று ஓடினேன். பேராசிரியர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "நாமளே உதவி செஞ்சா ஆதரவோட அளவு மாறிடும்மா. கண்டுக்காம இரு" என்றார்.

டிரைவர் சம்சுதீன் அண்ணன் அவரோடு வாதாடவில்லை. ஜீப்பின் பின்கதவைத் திறந்து, "தங்கச்சி, பிள்ளயத் தாங்கிப் பிடி. சார், வாரதுன்னா முன்னால ஏறுங்க" என்றார். சார் ஏறவில்லை. பள்ளம் மேடெல்லாம் அவள் தலையை என் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டே ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். பெண் குழந்தை, தாயும் பிழைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் திரும்பிப் போய், சந்தோஷம் தாங்காமல் பேராசிரியரிடம் சொன்னேன். அவர் கேள்வித்தாள் கட்டைப் பிரித்தார்.

"நல்லது. அந்தக் குடும்பத்தை சாம்பிள்லேருந்து எடுத்துடும்மா. அவங்களுக்குத்தான் ஆதரவு கிடைச்சிருச்சே."

பளியர்களின் ஆதரவு உணர்வு மிகத் திருப்தி என்று அறிக்கை வந்தது. அடுத்த சர்வேக்கு என்னைக் கூப்பிடவில்லை. என்னுடைய ஆதரவு உணர்வை அளக்க மட்டும் இன்றுவரை யாரும் வரவில்லை.