கண்ணில் செம்பு வளையம்

மூத்தவளின் கையெழுத்து கோணத் தொடங்கியபோது நான் அவளைத் திட்டினேன். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். எந்நேரமும் போன், அதனால்தான் எழுத வரவில்லை என்று நினைத்தேன். குழம்புக் கரண்டி அவள் கையில் ஆடித் தரையெல்லாம் சிந்தியபோதும் திட்டத்தான் செய்தேன். அதற்கு முந்தைய வருடம் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. திருமங்கலம் பக்கம் ஒருவரிடம் பச்சிலை வாங்கிக் கொடுத்தோம். கண் வெளுத்தது. அதோடு விட்டுவிட்டோம்.

முதலில் கண்டுபிடித்தவர், கண்ணாடி போட வேண்டியிருக்குமோ என்று கூட்டிப்போன கண் மருத்துவர். கருவிழியின் ஓரத்தில் பழுப்புப் பொன்னிறமாக ஒரு வளையம்.

"செம்பு படிஞ்சிருக்கும்மா. ஈரல் டாக்டரைப் பாருங்க, தள்ளிப் போடாதீங்க" என்றார்.

எங்கள் அடுப்படி மேடையில் இருக்கும் செம்புக் குடம் கண்முன் வந்தது. திருப்பரங்குன்றம் கடைவீதியில் நானே பார்த்து வாங்கியது. உடம்புக்கு நல்லது என்று இரண்டு வருடமாக, விடிந்ததும் இரண்டு பெண்களையும் நிறுத்தி வைத்து ஆளுக்கொரு டம்ளர் குடிக்க வைத்தவள் நான். வண்டியூர் பஸ்ஸில் அவள் என் தோளில் தூங்கிக்கொண்டு வந்தாள். என் கையாலேயே ஊற்றிக் கொடுத்திருக்கிறேனே என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

ஈரல் மருத்துவரிடம் முதலில் குடத்தைப் பற்றித்தான் சொன்னேன்.

"அதை நிப்பாட்டிருங்க. ஆனா அதுனால வந்ததில்ல இது" என்றார் அவர். "ரத்தம் ஊற, நரம்பு வேலை செய்ய, எல்லாருக்குமே செம்பு கொஞ்சம் வேணும். சாப்பாட்டுலயே கெடைச்சிரும். மிஞ்சுனதை ஈரல் வெளிய தள்ளிரும். ஒங்க மகளுக்கு அது நடக்கல. ஈரல்லயும் மூளையிலயும் தங்கிருச்சு. பொறவிக் கோளாறு." பிறகு கேட்டார்: "சொந்தத்துல கட்டுனீங்களா?"

என் கணவர் என் அத்தை மகன். "வெளியில பொண்ணெடுத்தா என்ன சீக்கு இருக்கோ, யாரு கண்டா" என்று எங்கள் கல்யாணத்தில் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள்.

"இந்தக் கோளாறு ஒங்க ரெண்டு பேர்கிட்டயும் வெளிய தெரியாம இருந்திருக்கு" என்றார் மருத்துவர். " இன்னொரு பிள்ளை இருக்கா?"

இருந்தாள். ஒன்பது வயது.

இளையவளுக்கு ரத்தம் எடுத்தார்கள். ஒரு நாள் முழுக்கச் சிறுநீரை ஒரு கேனில் பிடித்துக் கொடுக்கச் சொன்னார்கள். முடிவு வரும்வரை அவள் தட்டில் கை வைக்கும்போதெல்லாம் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவளுக்கு ஒண்ணும் இருக்காது. அம்புட்டு ஓட்டம் ஓடுறா" என்றார் என் கணவர்.

"மூத்தவளும் ஓடுனவதான மச்சான்?"

அவர் எழுந்துபோய் குடத்தைப் பரணில் ஏற்றிவிட்டு வந்தார்.

இளையவளுக்கும் இருந்தது. "இன்னும் ஒண்ணும் ஆகல. மருந்தை விடாமக் குடுத்தா ஆகாமப் பாத்துக்கலாம். ஆயுசுக்கும் விடக்கூடாது" என்றார் மருத்துவர்.

இப்போது தினமும் காலையில் வெறும் வயிற்றில் இருவரும் மாத்திரை போடுகிறார்கள். செம்பு கூடுதலாக இருக்கும் முந்திரி, சாக்லேட், ஈரல் எதுவும் வீட்டுக்குள் வருவதில்லை. பள்ளிக்குக் கிளம்புமுன் ஒரு நோட்டில் ஆளுக்கொரு வரி எழுத வேண்டும். அது மருத்துவர் சொன்னதில்லை, நானாக வைத்தது. மூத்தவளின் எழுத்து மெல்ல மெல்ல நேராகி வருகிறது.

போன வாரம் நோட்டைத் திறந்தேன். இளையவளின் வரி மேலும் கீழுமாக நடுங்கிக் கிடந்தது. நோட்டோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"சும்மா போட்டேம்மா! அக்கா மாதிரி எழுதிப் பாத்தேன்" என்று சிரித்தாள்.

"லூசு, அம்மா மூஞ்சியப் பாரு" என்றாள் அக்கா.

சின்னவள் என் பக்கத்தில் குந்தி அதே வரியைத் திரும்ப எழுதினாள். நேராக, அழகாகத்தான் இருந்தது.

"இன்னொரு தடவை எழுது" என்றேன். எழுதினாள். ஸ்கூல் வேன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் இன்னொரு தடவை என்றேன்.