வாரேன் என்றால் வரவேண்டும்

எனக்கு முன்கோபம் உண்டு. அங்கன்வாடி டீச்சருக்கு அது ஆகாது என்று பயிற்சி வகுப்பில் சொல்லித்தான் அனுப்பினார்கள். பிள்ளைகளிடம் காட்டியதில்லை, பெற்றவர்களிடம்தான் காட்டுவேன். அதிலும் காலையில் பிள்ளையைக் கொண்டுவந்து இறக்கி, "அங்கன பாரு, காக்கா" என்று கையைக் காட்டி, அது திரும்புகிற நேரத்தில் நழுவிப் போகிற அம்மாக்களைக் கண்டால் எனக்குச் சுள்ளென்று ஏறிவிடும். பிள்ளை பார்க்கும்போது காக்காயும் இருக்காது, அம்மாவும் இருக்காது. அப்புறம் அது யாரைத்தான் நம்பும்?

நான் உடன்குடிப் பக்கத்துக்காரி. வாக்கப்பட்டுத் தூத்துக்குடிக்கு வந்தவள். மையம் இருப்பது திரேஸ்புரத்தில், வள்ளங்கள் கிடக்கிற கரைக்குப் பக்கத்தில். இங்கே என் சட்டம் ஒன்றே ஒன்று. பிள்ளையிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அழுதால் அழட்டும், நான் தூக்கி வைத்துக்கொள்கிறேன். ஏமாந்து அழுவதைவிடத் தெரிந்து அழுவது மேல். ஒளிந்து போய்விட்டுச் சாயங்காலம் மிட்டாயோடு வருவது பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வேலை. இதை நான் வாசலில் நின்று சத்தமாகவே சொல்வேன். அம்மாக்கள் என்னை ராங்கிக்காரி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

போன ஆனியில் அந்தப் பெண்பிள்ளை வந்தாள். மூன்று வயது முடிந்திருந்தது. கிராப்பு வெட்டிய தலை, கழுத்தில் மாதா டாலர். அவள் அம்மாவுக்கு நண்டு கம்பெனியில் வேலை. வெந்த நண்டை உடைத்துச் சதையைப் பிரித்தெடுக்க வேண்டும். கம்பெனி வேன் காலையில் தெருமுனைக்கு வந்து ஹாரன் அடிக்கும், யாருக்காகவும் காத்து நிற்காது. அப்பா மஸ்கட் பக்கம் ஒரு படகில் மீன்பிடிக்கப் போயிருந்தார். பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது போனவர்.

அவள் மற்றப் பிள்ளைகள் மாதிரி கத்தி அழவில்லை. வாசல்படிக்குப் பக்கத்தில் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். தெருவையே பார்ப்பாள். பாட்டுக்கு வர மாட்டாள், பாய்க்கு வர மாட்டாள். மத்தியானம் முட்டையைக் கொடுத்தால் வாங்கிக் கையில் வைத்துக்கொள்வாள். அம்மா வந்து கூட்டிப் போகும்வரை அந்த முட்டை கைக்குள்ளேயே இருக்கும். கத்துகிற பிள்ளையைச் சமாளித்துவிடலாம். இப்படி உட்கார்ந்திருக்கிற பிள்ளையை எதைச் சொல்லித் தூக்குவது?

ஒரு திங்கட்கிழமை காலை அவள் அம்மா குனிந்து, "போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். எங்கள் மையத்தில் சமையலைப் பார்த்துக்கொள்கிற உதவியாளர், பிள்ளைகளுக்கு ஆயாம்மா, எனக்கு அக்கா, கையில் கரண்டியோடு வெளியே வந்துவிட்டார்.

"ஏளா, என்ன பேச்சு பேசுத? கடல்ல பொழைக்கிற வீட்டுல இருந்துக்கிட்டு விடியக்காலம் போறேன்னா சொல்லுவாவ? போயிட்டு வாரேன்னு சொல்லு."

ஆயாம்மா முந்திக்கொண்டார், அவ்வளவுதான். இல்லாவிட்டால் நானே சொல்லியிருப்பேன். சாவு வீட்டில்தான் சொல்லாமல் போவார்கள். மற்ற எந்த வாசலிலும் வாரேன் என்றுதான் நம் ஊரில் சொல்ல வேண்டும்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், ஆயாம்மாவைப் பார்த்தாள். மூத்தவர் சொல்லைத் தட்ட முடியவில்லை. "சரி மக்கா, அம்மா போயிட்டு வாரேன்" என்றாள்.

பிள்ளை வீறிட்டாள். மடியில் இருந்த செருப்பு எங்கேயோ போய் விழுந்தது. அம்மாவின் சுடிதாரைப் பிடித்த பிடியை நாங்கள் இரண்டு பேர் சேர்ந்தும் விடுவிக்க முடியவில்லை. தெருமுனையில் ஹாரன் கேட்டது, மறுபடி கேட்டது, பிறகு வேன் போய்விட்டது.

அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிள்ளை அவள் மடியில் விக்கிக்கொண்டு கிடந்தாள்.

"நான் தெரியாமலா டீச்சர் அப்படிச் சொல்லுதேன்? இவ அப்பா ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் வீடியோவுல கூப்பிடுவாவ. வைக்கும்போது, சரி மக்கா, அப்பா வாரேன்னுதான் வைப்பாவ. அந்தால இவ ஓடிப் போயி வாசல்ல நிப்பா. அப்பா வாரேன்னு சொல்லிச்சுன்னு சொல்லுவா. இருட்டுத வரைக்கும் நிப்பா டீச்சர். சோறு தின்ன மாட்டுக்கா. அதான் எங்க வீட்டுல அந்த வார்த்தையவே எடுக்கதில்ல."

ஆயாம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "எம்மா, எனக்குத் தெரியாதுளா" என்று பிள்ளையின் காலைத் தடவிக் கொடுத்தார்.

"நீங்க நல்லதுக்குத்தான சொன்னீய" என்றாள் அவள். பிறகு என்னிடம், "வார ஞாயிறு எங்க அக்கா பெரியதாழையில இருந்து வாரா. அதுக்குள்ள இவ இங்கன ஒட்டலைன்னா அக்காட்டயே விட்டுருதேன் டீச்சர். வேலைய விட்டா நாங்க என்ன செய்ய?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அவள்மேல் கோபப்பட முடியாது. தன் பிள்ளையைப் பிரிவதற்குத் தானே நாள் குறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள் அவள். ஏற்கெனவே அப்பா போனில் மட்டும் இருக்கிறார். இனி அம்மாவும் போனுக்குள் போய்விட்டால் அந்தப் பிள்ளைக்கு யார் மிச்சம்? அப்பா வாரேன் என்றார், வரவில்லை. அம்மா போறேன் என்கிறாள், எப்போது வருவாள் என்று அதில் இல்லை. இரண்டு வார்த்தையையும் பெரியவர்கள் செலவழித்துவிட்டார்கள். வாசலில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் கையில் ஒன்றும் இல்லை.

"இந்த வாரம் மட்டும் எனக்குக் கொடு. தினமும் நீ எப்ப வருவன்னு அவகிட்ட சொல்லிட்டுப் போ" என்றேன். பிள்ளைக்கு மணி தெரியாது. தூக்கம் தெரியும், சுண்டல் தெரியும். "தூங்கி எந்திச்சு சுண்டல் தின்னு முடிச்சதும் அம்மா இங்கன நிப்பேன்னு சொல்லு. அவ அப்பாகிட்டயும் பேசு. செய்யப் போறதை மட்டும் சொல்லச் சொல்லு."

அன்று ராத்திரியே பேசியிருக்கிறாள். "கடலுக்குப் போறவன் வாயில வாரேன்னு வராம வேற என்ன வரும்னு ஏசுனாவ டீச்சர்" என்று மறுநாள் வந்து சொன்னாள். "பொறவு, சரி, வாரேன்னு சொல்லல, இனி நாளைக்குப் பேசுதேன்னு சொல்லுதேன்னுட்டாவ. கரையில இருந்தா நாளைக்கே பேசுவாவளாம்."

மையத்தில் நாங்கள் ஒரு விளையாட்டை ஆரம்பித்தோம். ஆயாம்மா மாவு மூட்டை வைக்கிற அறைக்குள் போவார். "பிள்ளைகளா, போயிட்டு வாரேன்" என்பார். எல்லோரும் "போயிட்டு வாங்க" என்று கத்துவார்கள். கதவு திறக்கும், தலையில் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு வந்து நிற்பார். பிள்ளைகள் உருண்டு சிரிக்கும். பிறகு ஒவ்வொருவராகப் போய் வர ஆரம்பித்தார்கள். ஒரே விதி, வாரேன் என்றவர் வந்தே ஆக வேண்டும். நான் பாத்ரூம் போனாலும் சொல்லிவிட்டுப் போய், வந்து முகத்தைக் காட்ட வேண்டியதாயிற்று. அந்தப் பெண்பிள்ளை மட்டும் வாசலிலேயே இருந்தாள். ஆனால் செவ்வாய்க்கிழமை தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தவள், புதன்கிழமை பாதி திரும்பி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குச் சிலிண்டர் போட வந்த அண்ணாச்சி காலிச் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு, "அப்போ வாரேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டு வெளியேறினார். நான் எழுதிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் இவள் எழுந்து நின்று கேட்டையே பார்க்கிறாள். எனக்குத் திக்கென்றது. செருப்புக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடினேன்.

"அண்ணாச்சி, ஒரு நிமிசம் உள்ள வாங்க."

"என்ன டீச்சர், லீக் அடிக்கா?" என்று பதறிக்கொண்டு வந்தார்.

"ஒண்ணுமில்ல. வாரேன்னு சொன்னீங்கல்லா. வந்துட்டீங்க. இப்போ போங்க."

அவர் என்னைப் பார்த்தார், ஆயாம்மாவைப் பார்த்தார். "வெயில் கூடத்தான் அடிக்கி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார். கிளுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அவள்தான் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நாங்கள் அதுவரை கேட்டதில்லை. அன்றைக்கு முட்டையில் பாதியைத் தின்றாள், வெள்ளையை மட்டும். ஆயாம்மா மஞ்சளையும் ஊட்டப் போனார். போதும், விடுங்கள் என்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் அம்மா குனிந்து வழக்கம்போல, "தூங்கி எந்திச்சு சுண்டல் தின்னு முடிச்சதும் அம்மா இங்கன நிப்பேன்" என்றாள். பிள்ளை செருப்பைக் கழற்றி மற்றவர்கள் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். வைத்துவிட்டு, "போயிட்டு வா" என்றாள்.

அம்மா அசையவில்லை. ஹாரன் கேட்டது. நான் அவள் முதுகில் கையை வைத்தேன். "பதில் சொல்லுளா" என்றேன். அவள் "வாரேன் மக்கா" என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டே ஓடினாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. ஆயாம்மா பார்க்காமல் இருக்க அடுப்படிக்குள் போனேன். அங்கே அவர் எனக்கு முன்னாலேயே அழுதுகொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் பார்த்து வேன் வரவில்லை.

சுண்டல் தின்று பிள்ளைகள் ஒவ்வொன்றாய்ப் போய்விட்டன. கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விட மாட்டார்கள், அவளைக் கூப்பிட வழியில்லை. நண்டு லோடு கூடுதலாக வந்தால் முடித்துவிட்டுத்தான் விடுவார்கள் என்று எனக்குத் தெரியும்; அந்தப் பிள்ளைக்குத் தெரியாதே. ஆயாம்மா சட்டி கழுவுவதை நிறுத்திவிட்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். ஐந்து நாளில் கட்டியதெல்லாம் இந்த ஒரு சாயங்காலத்தில் போய்விடும் என்று எனக்குப் பட்டது. இன்றைக்கு அந்த வார்த்தை பொய்த்தால் அவ்வளவுதான், ஞாயிற்றுக்கிழமை பெரியதாழை பஸ். மனதுக்குள் எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன், அவளுடைய மாதாவையும் சேர்த்து.

போய் வாசலில் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேன் வந்துரும் என்று சொல்ல வாயெடுத்து, அது எனக்கே தெரியாத விஷயம் என்று நிறுத்திக்கொண்டேன்.

"அம்மாவுக்கு இன்னைக்கு பிந்துது மக்கா. வர வரைக்கும் டீச்சர் இங்கனதான் இருப்பேன்" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் அழுகை இல்லை.

"பிந்தல" என்றாள்.

"பிந்திட்டுல்லா. சுண்டல் தின்னு முடிச்சாச்சே."

அவள் மூடியிருந்த கையை விரித்துக் காட்டினாள். வியர்த்துப்போன உள்ளங்கையில் ஒரே ஒரு கொண்டைக்கடலை இருந்தது.

"இன்னும் முடிக்கல" என்றாள்.

ஆயாம்மாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் கையை மறுபடி மூடிக்கொண்டாள். நாங்கள் மூவரும் வாசலில் உட்கார்ந்திருந்தோம்.

பொழுது சாயும் நேரத்தில் தெருமுனையில் ஹாரன் கேட்டது. கம்பெனித் தொப்பியைக்கூடக் கழற்றாமல் அவள் அம்மா ஓடிவந்தாள். "லோடு பிந்திட்டு டீச்சர், அழுதாளா, ரொம்ப அழுதாளா" என்று மூச்சு வாங்கக் கேட்டாள். பிள்ளை எழுந்து போய் அவள் முன்னால் நின்றாள். கையிலிருந்த கடலையை வாயில் போட்டு, மென்று விழுங்கி, வாயைத் திறந்து காட்டினாள்.

"இப்பதாம்மா முடிச்சேன்" என்றாள்.