தப்பே இல்லம்மா

பெங்களூரு பிரேசர் டவுனில் ஒரு வீட்டுக்குப் பழைய கம்ப்யூட்டர் கீபோர்டு வாங்கப் போனேன். ஸ்பிரிங் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒரு விசையை அழுத்தினேன். அம்மா பழகிய கீபோர்டின் அதே கனத்த 'டக்'.

அவள் அதில் பழகியபோது எனக்கு ஒன்பது வயது. அம்மா டேட்டா என்ட்ரி வேலையில் இருந்தாள். பக்கவாதத்தில் வலது கை விரல்கள் மரத்துப்போன பிறகு, ஆபீசில் கழித்துப்போட்ட கீபோர்டு ஒன்றைக் கொண்டுவந்து, கம்ப்யூட்டர் இல்லாமலே தாளைப் பார்த்து அடித்துப் பழகினாள்.

"தப்பு விழுதான்னு பாத்துச் சொல்லுடி."

விரல்கள் பக்கத்து எழுத்துகளில் விழுந்தன. அவள் முகத்தைப் பார்த்தேன். "தப்பே இல்லம்மா" என்றேன்.

அதை நம்பி ஆபீசில் டைப்பிங் டெஸ்ட் கொடுக்கப் போனவள், வேலை போய் மதியமே திரும்பினாள். "நீ பாத்துட்டுத்தானே இருந்தே?" என்று மட்டும் கேட்டாள்.

கீபோர்டை வாங்கிக்கொண்டேன். அம்மா சர்ச்சுக்குப் போன பிறகுதான் அதைத் தட்டிப் பார்க்க வேண்டும்.