ஆயுள் கேட்டு ஓர் அர்ச்சனை

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மாசி மாதம். பாரிஸில் லா ஷப்பலுக்குப் பக்கத்தில் தனியாக இருந்த ஒரு போலந்துக்கார மூதாட்டியைக் குளிப்பாட்டி, சமைத்துக் கொடுப்பது என் வேலை. புறநகர் கார்ஜிலிருந்து ரயிலேறி விடியவே போய்விடுவேன்.

அவருக்கு வயது தொண்ணூறை நெருங்கிவிட்டது. ஞாபகம் வந்து வந்து போகும். அந்த வாரம் முழுக்க ஒரே பேச்சு. தம்பிக்குச் சளியாம், நெஞ்சு இழுக்கிறதாம், போர்வை போதாதாம். போலந்தில் யாரோ கிழவர் படுக்கையில் கிடக்கிறார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!

வெள்ளிக்கிழமை ரூ பஜோல் தெருவிலுள்ள பிள்ளையார் கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டினேன்.

"ஆற்றை பேருக்கு? நட்சத்திரம் என்ன?" என்றார் ஐயர்.

"வெள்ளைக்காரர் ஐயா, நட்சத்திரம் தெரியாது. சளி வருத்தம் மாறி நூறு வயசு இருக்கவேணும்."

மூதாட்டி புலம்பிய தம்பியின் பெயரைச் சொன்னேன்; அது அவர் வாயில் நுழையவில்லை. "சரி, சுவாமி பேரிலை செய்வம்" என்று சிரித்தார்.

மறுநாள் திருநீற்றை மூதாட்டியின் கையில் வைத்து, "உங்கள் தம்பியின் ஆயுளுக்கு" என்று பெருமையாகச் சொன்னேன். என் கெட்ட காலம், அன்றைக்கென்று அவருக்கு ஞாபகம் தெளிவாக இருந்தது.

இரண்டாம் உலக யுத்தத்தில் ரஷ்யச் சிப்பாய்கள் குடும்பத்தையே பிடித்து, மாடு ஏற்றும் ரயில் பெட்டியில் சைபீரியாவுக்கு அனுப்பினார்களாம். அவருக்கு ஆறு வயது, தம்பிக்கு ஒன்று. சளி முற்றித் தாயின் மடியிலேயே செத்துப்போனான். அடுத்த முறை கதவு திறந்தபோது ஒரு சிப்பாய் பிள்ளையைப் பறித்துப் பனியில் போட்டுவிட்டான்.

"எந்த ஊர் என்றுகூட அம்மாவுக்குத் தெரியாது. போர்வை என்னிடம்தான் இருந்தது. எனக்கும் குளிர்ந்தது, நான் கொடுக்கவில்லை" என்றார்.

எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. ஏனென்றால் நானும் வன்னிக்காரி. இலங்கை யுத்தத்தின் ஷெல்லடியில் செத்த என் மகளைப் பதுங்குகுழியோரம் மண் போட்டு மூடிவிட்டு ஓடியவள். எந்த இடம், எந்த நாள் என்று இன்றுவரை சரியாகத் தெரியாது. என் பிள்ளைக்கு ஆயுள் கேட்டேன் என்று ஒருத்தி வந்து நின்றிருந்தால், அறைந்திருப்பேன்.

அவர் அறையவில்லை. "உன் கடவுள் என்ன சொன்னார்?" என்று மட்டும் கேட்டார். நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

இப்போதெல்லாம் பிறருக்காகத் தட்டு வாங்குமுன், ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று வெட்கமில்லாமல் கேட்டுவிடுகிறேன். என் மகளின் பெயரை மட்டும், எந்தப் பூசைக்கும், இன்னும் என்னால் ஐயரிடம் சொல்ல முடியவில்லை.