சும்மா பூ

அந்த மார்கழியில் எங்கள் வீட்டுக் கோழிகள் இரண்டின் மேலும் கொலைப் பழி இருந்தது. செத்தது பூசணிப் பிஞ்சுகள். கொல்லைக் கொடியில் கோலிக்குண்டு மாதிரி பிஞ்சு வரும், ரெண்டு நாள் பச்சையாக இருக்கும், அப்புறம் மஞ்சளாகிச் சுருங்கி விழும். கோழி வேரைக் கிளறியதால்தான் என்று அம்மா முடிவு கட்டிவிட்டார். மார்கழி முழுக்க வீட்டில் கறி கிடையாது என்பதால் தண்டனை மட்டும் தள்ளிப் போனது.

"தை பொறக்கட்டும். பொங்கல் முடிஞ்சு கரிநாளைக்கு இதுக ரெண்டும் குழம்புதேன்."

"முட்டை போடுற கோழிம்மா."

"எங்க போடுது? பனி விழுந்ததுல இருந்து தின்னுட்டுத் தூங்குதுக. உன்னையாட்டம்."

பரவைச் சந்தையில் குஞ்சாக வாங்கி வந்து வளர்த்தவன் நான். விட்டுவிட முடியுமா? பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து ரெண்டையும் உள்ளே அடைத்துப் பார்த்தேன். அப்போதும் பிஞ்சு விழுந்தது. அம்மாவிடம் காட்டினேன்.

"முன்னாடி கிளறுனது இப்பக் காட்டுது" என்றார். இதற்கு மேல் எந்தக் கோர்ட்டில் போய் வாதாடுவது?

காலேஜில் தாவரவியல்தான் படித்துக்கொண்டிருந்தேன். டீ கிளாஸோடு கொடியோரம் குத்தவைத்து, பனியில் நனைந்த இலைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். எறும்பா? புழுவா? குளிரா? ஒன்றும் பிடிபடவில்லை. பிறகுதான் உறைத்தது: விரிந்திருந்த பூ அத்தனைக்கும் அடியில் பிஞ்சு இருந்தது. எல்லாமே பெண் பூ. ஆண் பூ ஒன்றுகூட இல்லை. கொடியில் அதுதானே நிறையப் பூக்க வேண்டும்? எங்கே போயிருக்கும்?

வாசலுக்கு வந்தேன். தங்கச்சி போட்ட கோலம். அதன் மேல் சாணி உருண்டைகள். ஒவ்வொரு உருண்டையிலும் ஒரு பூசணிப் பூ, மெலிந்த நீளக் காம்போடு. அத்தனையும் ஆண் பூ.

"அம்மாதேன் சொன்னாக" என்றாள் தங்கச்சி. "பிஞ்சு இருக்கிற பூவத் தொடாத, சும்மா பூவ மட்டும் பறின்னு."

காய்க்காத பூ என்றால் அம்மாவுக்குச் சும்மா பூ. அதிலிருக்கும் மகரந்தம் போய் ஒட்டாமல் எந்தப் பிஞ்சும் நிற்காது என்று சொன்னேன். தங்கச்சி அசரவில்லை.

"அதுக்கு? எதுத்த வீட்ல எம்புட்டு பூ வைக்கிறாக தெரியுமா? ஒண்ணுகூடத் தர மாட்டேன்."

அவள் தலை மறைந்ததும் கோலத்திலிருந்தே நாலு பூவை உருவினேன். எதிர்வீட்டு அக்கா வாளியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, பூவ எடுத்துட்டா இந்த வீட்ல கட்டிக் குடுக்கப் பொண்ணு இல்லேன்னுல நெனைப்பாக?"

"கொடியில நெறையப் பொண்ணு நிக்கிதுக்கா. அதுகளுக்குத்தேன் மாப்ள கொண்டு போறேன்."

இதழைப் பிய்த்துவிட்டு நடுத்தண்டை நாலு பெண் பூக்களுக்குள் தேய்த்தேன். விரலெல்லாம் மஞ்சள் பொடி. அம்மாவைக் கூப்பிட்டு, அவர் கண் முன்னாலேயே பஞ்சாரத்தைத் தூக்கினேன். கோழிகள் நேரே பூசணி வேருக்கு ஓடின.

"கோழி கிளறட்டும். பிஞ்சு நின்னுச்சுன்னா இதுகள விட்டுறணும்."

"விழுந்துச்சுன்னா?"

"நானே உரிச்சுத் தாரேன்."

அன்றிலிருந்து காலேஜ் விட்டு வந்ததும் சைக்கிளைச் சாத்திவிட்டுக் கொல்லைக்குத்தான் ஓடுவேன். ஒரு பிஞ்சு மஞ்சளடித்து விழுந்தது. அம்மா கோழிகளைப் பார்த்தார். மற்ற மூன்றும் பச்சையாகவே இருந்தன. எலுமிச்சை அளவாயின, மாங்காய் அளவாயின. கோழிகள் அவற்றுக்கு அடியிலேயே மண்ணைப் பறித்துப் படுத்துக் குளித்தன. பொங்கல் வருவதற்குள் மூன்றும் தேங்காய் அளவுக்கு வந்துவிட்டன.

கரிநாள் காலையில் அம்மா கொல்லைக்குப் போனார். குனிந்து ஒரு காயைச் சுண்டிப் பார்த்தார். காலடியில் கிளறிக்கொண்டிருந்த கோழியைப் புறங்காலால் தள்ளிவிட்டு உள்ளே வந்தார். ஆணியில் தொங்கிய மஞ்சப்பையை எடுத்து என் மேல் எறிந்தார்.

"கறிக்கடையில கூட்டம் சேர்றதுக்குள்ள போ. எலும்பாப் போட்டுருவான், பாத்து வாங்கு."